உலோக லிகேச்சர் வாங்கினால் கிளாரினெட்டின் நாதம் மாறுமா?

கிளாரினெட்டில் வாயில் வைத்து ஊதும் பகுதியான மவுத்பீஸோடு, ரீடு என்னும் நாணல் துண்டைச் சேர்த்துப் பிடிக்கும் பட்டைதான் லிகேச்சர். ஏற்காட்டில் தேவாலய இசைக்குழு ஒன்றில் ஐந்தாண்டுகளாகக் கிளாரினெட் வாசித்துவரும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “என் மவுத்பீஸோடு வந்த சாதாரண நிக்கல் முலாம் லிகேச்சரைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறேன். தங்க முலாம் பூசிய உலோக லிகேச்சர் ஒன்றின் விளம்பரத்தில், ரீடு தடையின்றி அதிரும், நாதம் கனமாகும், ஊதியவுடன் சுரம் பேசும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அதை வாங்கினால் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போய்விடும். வாங்கலாமா ஐயா?”

இப்போது வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த விளம்பரத்தில் சொல்லியிருப்பது முழுவதும் பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். அதில் ஒரு பகுதி உண்மை, ஒரு பகுதி உண்மையை இழுத்து நீட்டியது, மற்றொரு பகுதிக்கு எந்த அடிப்படையும் இல்லை. எது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் பணத்தை எங்கே போடுவது என்று உங்களுக்கே தெளிவாகும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் லிகேச்சர் செய்கிற வேலை என்ன என்பதைப் பார்ப்போம். கிளாரினெட் ரீடு ஏறத்தாழ 68 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு நாணல் துண்டு. அதன் நுனி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லியதாகச் சீவப்பட்டிருக்கும். ரீடின் அடிப்பகுதி மவுத்பீஸில் மேசை எனப்படும் தட்டையான பரப்பில் படிந்து நிற்க, முன்பகுதி மட்டும் மவுத்பீஸின் வளைவை விட்டுச் சிறிது சிறிதாக விலகி, நுனியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் திறப்பை உண்டாக்குகிறது. நாம் ஊதும்போது திறந்து மூடுவது அந்த முன்பகுதிதான். பி-பிளாட் கிளாரினெட்டின் ஆகக் கீழ்ச் சுரத்தை வாசிக்கும்போது அது நொடிக்கு ஏறத்தாழ 147 முறை அப்படித் திறந்து மூடுகிறது. லிகேச்சர் அந்த அதிரும் பகுதியைத் தொடுவதே இல்லை. பட்டை சீவப்படாத, தடித்த அடிப்பகுதியை மேசையோடு அழுத்திப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. அடிப்பகுதி அசையாமல் நின்றால்தான் முன்பகுதி ஒழுங்காக அதிரும். ஆகவே “எங்கள் லிகேச்சர் ரீடு முழுவதையும் சுதந்திரமாக அதிரவிடும்” என்ற வாசகம், ரீடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கே சற்று முரணானது.

நம் ஊர் வாசகர்களுக்கு நாகஸ்வரத்தின் சீவாளி நன்கு தெரிந்திருக்கும் என்பதால் ஓர் ஒப்பீடு சொல்கிறேன். சீவாளியில் நாணல் மடல்களைக் கெண்டை என்ற சிறு குழலின்மீது நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். அந்தக் கட்டு எவ்வளவு இறுக்கம், எவ்வளவு தூரம் என்பது மடல்களின் வாய் எவ்வளவு திறந்திருக்கும் என்பதையே தீர்மானிக்கிறது. கட்டு மாறினால் சீவாளியே மாறிவிடும். கிளாரினெட்டில் அப்படி இல்லை. இங்கே திறப்பைத் தீர்மானிப்பது மவுத்பீஸின் வளைவு, ரீடின் தடிமன், நம் கீழுதடு ஆகிய மூன்றும்தான். நாகஸ்வர வித்வான்கள் சீவாளிக் கட்டைப் பற்றிச் சொல்வதையெல்லாம் கேட்டுப் பழகிய நம் காதுகளுக்கு, லிகேச்சரைப் பற்றிய விளம்பரமும் அதே அளவு நியாயமாகப் படுகிறது. கட்டுகிற பொருள் என்ற பெயர்தான் இரண்டுக்கும் பொது, செய்யும் வேலை வேறு.

கிளாரினெட்டிலும் தொடக்கத்தில் நூல்தான் இருந்தது. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் யோஹான் கிறிஸ்டோப் டென்னர் 1700-ஆம் ஆண்டை ஒட்டி இந்தக் கருவியை உருவாக்கிய காலத்திலிருந்து, நூறாண்டுகளுக்கு மேல் ரீடை மவுத்பீஸோடு கயிறு சுற்றித்தான் கட்டினார்கள். திருகு வைத்த உலோகப் பட்டை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. கிளாரினெட்டைப் பதின்மூன்று சாவிகள் கொண்டதாகத் திருத்தியமைத்த இவான் மியூல்லரின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். உலோகப் பட்டை வந்ததற்குக் காரணம் வசதி: ரீடை நொடியில் மாற்றலாம், சற்று மேலே கீழே நகர்த்தலாம். ஜெர்மன் மரபில் வாசிக்கும் கலைஞர்கள் பலர் இன்றும் கயிறுதான் சுற்றுகிறார்கள். உலகின் மிகச் சிறந்த இசைக்குழுக்களில் அந்தக் கயிற்றோடு உட்கார்ந்து வாசிக்கிறார்கள். பித்தளை மேலா, தங்கம் மேலா என்று விளம்பரங்கள் வாதிடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி விளம்பரத்தின் உரிமைகோரல்களுக்கு வருகிறேன். தங்க முலாம், வெள்ளி முலாம், இளஞ்சிவப்புத் தங்க முலாம் என்று ஒரே லிகேச்சரை நான்கு விலைகளில் விற்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாதத்தைச் சொல்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. தங்கம் என்றால் வெதுவெதுப்பான நாதம், வெள்ளி என்றால் பிரகாசமான நாதம் என்பது அந்த உலோகங்களின் நிறத்தைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது. சேலத்துக்காரர்களுக்கு முலாம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் நல்ல விலை கொடுத்து வாங்கிய வெள்ளி முலாம் லிகேச்சர் ஒன்றில், திருகு கோக்கும் காது ஒன்று விட்டுப்போனது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் பற்றவைக்கக் கொண்டுபோனேன். அவர் அதைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, காது விட்டுப்போன இடத்தில் தெரிந்த மஞ்சள் நிறத்தை எனக்குக் காட்டினார். “அண்ணே, உள்ளே இருப்பது முழுக்கப் பித்தளை, மேலே இருக்கும் வெள்ளியைச் சுரண்டி எடுத்தால் ஒரு குழந்தைக் கொலுசின் ஒரு மணிக்குக்கூடத் தேறாது” என்றார். முலாம் என்பது ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனுள்ள படலம். தலைமுடி ஒன்றின் தடிமன் அதைப்போலப் பல மடங்கு. அந்தப் படலம் தனக்கு அடியில் இருக்கும் பித்தளையின் விறைப்பையோ எடையையோ மாற்றுவதில்லை. முலாமால் கிடைக்கும் பயன் ஒன்று உண்டு: வியர்வையும் எச்சிலும் பட்டுப் பித்தளை பச்சை பிடிக்காமல் அது காக்கிறது. அதற்கு நிக்கல் முலாமே போதும்.

உலோகம் நாதத்தில் கலக்கிறது என்ற எண்ணம் லிகேச்சரோடு நிற்பதல்ல. கருவியின் உடலைப் பற்றியும் காலம்காலமாக அந்த வாதம் நடந்துவருகிறது. கிளாரினெட்டில் நாம் கேட்கும் ஒலி, குழலுக்குள் இருக்கும் காற்றுத்தூண் அதிர்வதால் பிறந்து, திறந்த துளைகள் வழியாகவும் பெல் எனப்படும் விரிந்த கீழ்வாய் வழியாகவும் வெளியேறுவது. அமெரிக்க இயற்பியலாளர் ஜான் பாக்கஸ் 1964-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மரக்காற்றுக் கருவிகளின் சுவர் அதிர்வு, நீடித்து ஒலிக்கும் நாதத்தில் பொருட்படுத்தத்தக்க பங்கு எதையும் வகிக்கவில்லை என்று காட்டினார். 1971-இல் ஜான் கோல்ட்மன் ஒரே உள்ளளவோடு வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் புல்லாங்குழல்களைச் செய்து, எது எது என்று தெரியாதபடி வாசிக்கவைத்துச் சோதித்தார். கேட்டவர்களாலும் பிரித்தறிய முடியவில்லை, எடையை மறைத்துக் கையில் கொடுத்தபோது வாசித்தவர்களாலும் முடியவில்லை. இவை லிகேச்சரைப் பற்றிய சோதனைகள் அல்ல என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் காற்றுத்தூணைச் சுற்றி முழு நீளத்துக்கும் நிற்கும் குழலின் பொருளே காதுக்குத் தெரியாதபோது, மவுத்பீஸின் வெளிப்புறத்தைச் சுற்றி இருக்கும் இரண்டு விரற்கடை அகலப் பட்டையின் பொருள் தெரியும் என்று சொல்பவர்கள்தான் அதற்குச் சான்று காட்ட வேண்டும்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து, கிளாரினெட்டின் பெல்லை முழங்கால்களுக்கு இடையே தாங்கவையுங்கள். லிகேச்சரைக் கழற்றிவிட்டு, ரீடை மவுத்பீஸின்மேல் வழக்கமான இடத்தில் வைத்து, இடக்கைக் கட்டைவிரலால் அதன் அடிப்பகுதியை மேசையோடு அழுத்திப் பிடியுங்கள். துளை எதையும் மூடாத ஜி சுரத்தை ஊதுங்கள். விரல் சரியான இடத்தில் ஒரே சீராக அழுத்தினால், உங்கள் நாதம் அப்படியே வரும். அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தினால், நாதம் கரகரக்கும், காற்று கசியும் ஓசை கேட்கும். லிகேச்சர் எதைச் செய்தால் போதும், எதைச் செய்யாவிட்டால் கெடும் என்பதை இந்த இரண்டு நிமிடச் சோதனை சொல்லிவிடும். என் மாணவர்கள் எல்லோரையும் முதல் ஆண்டிலேயே இதைச் செய்யவைக்கிறேன்.

இந்த இடத்தில்தான் விளம்பரத்தின் உண்மையான பகுதியும் வருகிறது. ஊதியவுடன் சுரம் பேசுமா என்பதில் லிகேச்சருக்குப் பங்கு உண்டு. ரீடு அடியில் சீராகப் படியாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் தொடக்கம் மங்கும், மேல் ஸ்தாயியில் கீச்சிடும். மலிவான உலோக லிகேச்சர்களில் பல, பெட்டிக்குள் அழுந்தியோ கீழே விழுந்தோ வட்டம் கோணிப்போயிருக்கும். அவை ரீடின் நடுவில் ஒரே இடத்தில் குத்தும், ஓரங்களைப் பிடிக்காது. நன்றாக வடிவமைத்த உலோக லிகேச்சர் இதைத் தவிர்க்கிறது. கிளாரினெட் கலைஞர் டேனியல் பொனாட் பெயரில் வழங்கும் வகையில் ரீடின்மேல் நீளவாக்கில் இரண்டு மேடுகள் மட்டும் படிகின்றன. வண்டோரன் நிறுவனத்தின் ஆப்டிமம் என்ற லிகேச்சரில், ரீடில் படியும் தகட்டைக் கழற்றி மாற்றிக்கொள்ள மூன்று தகடுகளை அவர்களே தருகிறார்கள். இவையெல்லாம் அறிவோடு செய்த பொருள்கள். கோணாத பட்டை, தேயாத மரை, சீரான அழுத்தம் ஆகியவற்றுக்காக ஒருவர் பணம் கொடுத்தால் அது நியாயமான செலவு. அவற்றின் சிறப்பு வடிவத்தில் இருக்கிறது, பளபளப்பில் இல்லை.

தோல், துணி லிகேச்சர்களோடு ஒப்பிட்டால் உலோகத்துக்கு வேறொரு மேன்மையும் உண்டு. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் பேண்டோடு மணிக்கணக்கில் தெருவில் நின்று வாசிக்கிறவர்களுக்கு, வியர்வையில் ஊறி இளகாத, துடைத்தால் சுத்தமாகிற, ரீடு உடைந்தால் நொடியில் மாற்ற உதவுகிற பட்டைதான் வேண்டும். உலோகம் அதைத் தருகிறது. திருகின் மரை தேய்ந்துபோனால்கூடச் சேலத்தில் ஏதாவதொரு லேத் பட்டறையில் புதிதாக ஒன்று கடைந்து வாங்கிக்கொள்ள முடியும். தோல் பட்டை இளகிவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

இப்போது உங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. எனக்கு இந்தப் பதிலில் மிக முக்கியமாகப் படுவதும் அதுதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கு வாசிக்க ஏற்காட்டுக்கு வந்திருந்தேன். மாலையில் சேலத்தில் வாசித்துப் பார்த்தபோது மணிபோலப் பேசிய ரீடு, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்து பெட்டியைத் திறந்தபோது, இரண்டாவது பாட்டிலேயே கீச்சிடத் தொடங்கியது. லிகேச்சர்தான் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, திருகுகளை இன்னும் இறுக்கினேன், இன்னும் மோசமானது. மறுநாள் காலையில் ரீடைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்துப் பார்த்தபோதுதான், அடிப்பகுதி தட்டையாக இல்லாமல் நடுவில் புடைத்து, தராசு முள்போல இருபுறமும் ஆடுவது தெரிந்தது. நாணல் ஈரத்தை உறிஞ்சும்போது உப்பும், உலரும்போது சுருங்கும். இரண்டும் ஒரே சீராக நடப்பதில்லை. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்துக்கு நடுவே இருக்கும் உங்கள் ஊரில் ரீடு முழுதாக உலரவே நாளாகும். இங்கே கீழே சித்திரை வெயிலில் அரை மணி நேரத்தில் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். மேலும் கீழும் போய்வருகிற வாசிப்பாளரின் ரீடு இந்த இரண்டையும் மாறி மாறி அனுபவிக்கிறது. 600-ஆம் எண் நைசான உப்புத்தாளைக் கண்ணாடியின்மேல் விரித்து, ரீடின் அடிப்பக்கத்தை நுனியில் அழுத்தம் படாமல் நாலைந்து முறை மெதுவாக இழுத்தேன். அதே ரீடு, அதே பழைய லிகேச்சரில், மறுபடியும் பேசியது. அன்று ஒரு புதிய லிகேச்சர் என் கையில் இருந்திருந்தால், அதை மாட்டுவதற்காக ரீடைக் கழற்றித் துடைத்து வேறு இடத்தில் வைத்திருப்பேன், கொஞ்சம் சரியாகியிருக்கும், அந்தப் பெருமை முழுவதையும் லிகேச்சருக்கே கொடுத்திருப்பேன்.

லிகேச்சரை ஒப்பிட்டுப் பார்க்கும் பெரும்பாலோர் ஏமாறுவது இப்படித்தான். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டும்போது ரீடு அரை மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ நகர்ந்துவிடுகிறது. ரீடின் நுனி மவுத்பீஸின் விளிம்பைவிட ஒரு மயிரிழை தாழ்ந்தால் ரீடு மெல்லியதுபோலவும், ஒரு மயிரிழை உயர்ந்தால் தடித்ததுபோலவும் நடந்துகொள்ளும். இந்த வேறுபாடு எந்த லிகேச்சரின் வேறுபாட்டையும்விடப் பெரியது. இதோடு, மாற்றுகிற இடைவெளியில் ரீடு கொஞ்சம் உலர்ந்திருக்கும், நம் உதடும் ஓய்வெடுத்திருக்கும், புதிய பொருளைக் கையில் எடுத்த உற்சாகமும் சேர்ந்திருக்கும்.

ஆனாலும், லிகேச்சரை மாற்றியவுடன் தமக்கு வேறுபாடு தெரிகிறது என்று சொல்லும் வாசிப்பாளர்கள் பொய் சொல்வதில்லை என்பதையும் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் மேற்பற்கள் மவுத்பீஸின்மேல் ஊன்றியிருக்கின்றன. அதன் நடுக்கம் பல் வழியாகவும் மண்டையோடு வழியாகவும் நேரே நம் செவிக்குள் போகிறது. மவுத்பீஸோடு ஒட்டியிருக்கும் ஒரு பட்டையின் எடையும் பிடியும் மாறும்போது அந்த நடுக்கம் சற்று மாறி உணரப்படுவது இயல்பே. நானும் உணர்ந்திருக்கிறேன். என்னிடம் இருக்கும் மூன்று லிகேச்சர்களையும் ஒரே ரீடை வைத்து மோகனத்தில் ஒரே ஆரோகண அவரோகணமாக வாசித்து, அடுத்த அறையில் இருந்த மாணவர் இருவரை எழுதச் சொன்னபோது, எனக்கு வாய்க்குள் தெளிவாகத் தெரிந்த வேறுபாட்டை அவர்கள் இருவராலும் தொடர்ந்து சரியாகச் சொல்ல முடியவில்லை. வாசிப்பவருக்கு இதமாக இருப்பதும் மதிக்கத்தக்கதுதான். இதமாக உணர்பவர் தைரியமாக வாசிப்பார். ஆனால் கோயில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு அது போய்ச் சேருவதில்லை. விளம்பரமோ அவருக்கும் போய்ச் சேரும் என்கிறது.

கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். கிளாரினெட் எவரெஸ்ட் என்று போற்றப்பட்டு, 2022-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற ஏ.கே.சி. நடராஜன் நாகஸ்வரப் பயிற்சியிலிருந்து இந்தக் கருவிக்கு வந்தவர். நாகஸ்வரத்தின் கமகங்களைச் சாவிகள் நிறைந்த மேற்கத்தியக் கருவியில் பேசவைத்தது உதடும் விரலும் மூச்சும் சேர்ந்த சாதகம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும்போது ரீடின்மேல் கீழுதடு தரும் அழுத்தம் கணத்துக்குக் கணம் மாறுகிறது. அந்த மாற்றத்துக்கு முன், அடியில் அசையாமல் பிடித்திருக்கும் பட்டை எந்த உலோகம் என்பது எம்மாத்திரம்?

ஆகவே, இருக்கும் லிகேச்சரையே சரியாகப் பயன்படுத்துங்கள். அதைக் கழற்றி மவுத்பீஸில் வெறுமனே மாட்டி, வட்டம் கோணியிருக்கிறதா என்று பாருங்கள். கோணியிருந்தால் பொருத்தமான தடிமனுள்ள உருளையான மரக்கட்டையில் மாட்டி மெதுவாக நிமிர்த்தலாம். மவுத்பீஸில் கோடு போட்டிருந்தால் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே பட்டையின் மேல்விளிம்பு நிற்கட்டும். கீழ்த் திருகை ரீடு நகராத அளவுக்கு முடுக்கி, மேல் திருகைத் தொட்டு நிற்கும் அளவில் விட்டுவிடுங்கள். இரண்டையும் பலம்கொண்டு முறுக்குவது ரீடின் நாரை நசுக்கும். வாசித்து முடித்ததும் ரீடைக் கழற்றித் தட்டையான ரீடுப்பெட்டியில் வையுங்கள். லிகேச்சரை இறுக்கியபடி மவுத்பீஸை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஒருபோதும் விடாதீர்கள்: மவுத்பீஸின் எபோனைட் என்ற கடின ரப்பர், வெப்பத்தில் பித்தளையைப்போல மூன்று நான்கு மடங்கு விரியும், விரிந்து, விரியாத பட்டைக்குள் நெருக்குண்டால், நாளடைவில் மேசையின் சமதளமே கெட்டுவிடும். கெட்ட மேசையை எந்த லிகேச்சராலும் சரிசெய்ய முடியாது.

ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தில் முதலில் நல்ல ரீடுகள் ஒரு பெட்டி வாங்குங்கள். ரீடின் கடினத்தைக் குறிக்கும் எண்ணில் அரை வேறுபாடுள்ள இன்னொரு பெட்டியும் வாங்கினால், ஏற்காட்டின் ஈரத்தில் எது நிற்கிறது, சேலத்தின் வெயிலில் எது நிற்கிறது என்று உங்களுக்கே தெரியவரும். மீதியைச் சேர்த்துவையுங்கள். உங்கள் மவுத்பீஸ் கருவியோடு வந்த பிளாஸ்டிக் வகையாக இருந்தால், நல்ல எபோனைட் மவுத்பீஸ் ஒன்று உங்கள் நாதத்தை அடுத்த அறையில் இருப்பவருக்கும் தெரிகிற அளவுக்கு மாற்றும். லிகேச்சருக்காக நீங்கள் நினைத்த தொகையோடு கொஞ்சம் சேர்த்தால் அது கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தத் தங்க முலாம் லிகேச்சர் மனத்தில் நின்றால், அடுத்து சேலம் இறங்கும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கருவியோடு என் வீட்டுக்கு வாருங்கள். அதே வடிவத்தில் வெறும் பித்தளை ஒன்றும், முலாம் பூசியது ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் மாட்டித் தருகிறேன். பத்து முறை வாசித்து, பத்து முறையும் எது எது என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு வாங்குவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.